சி++ மொழியில் '=' ஓவர்லோடிங்கும் ரெஃபரன்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம் எழுதும் கிளாஸுக்கு '=' என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்று சி++ இடம் தருகிறது. இதற்குத்தான் ஓவர்லோடிங் என்று பெயர். எழுதுவது என்னவோ பத்து வரிதான். அந்த ஆப்ஜெக்ட்டை ரெஃபரன்ஸ் வழியாக, அதாவது அதற்கு வைத்த இன்னொரு பெயர் வழியாக, பிடித்திருக்கும் இடங்களில் அந்தப் பத்து வரி என்ன செய்துவைக்கும் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சி++ பழகுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பிளஸ் ஒன் புத்தகத்தில் இனக்குழு, செயற்குறி பணிமிகுப்பு என்று படித்திருப்பீர்கள். வேலை செய்யும் இடத்தில் கிளாஸ், ஓவர்லோடிங் என்றுதான் பேசுகிறோம், அதனால் இங்கேயும் அப்படியே. எடுத்துக்காட்டு வரிகளில் வரும் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். ஜிசிசி 10 முதல் மாறிக்கும் கிளாஸுக்கும் தமிழ்ப் பெயர் வைத்தால் கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது, முயன்று பாருங்கள்.

ரெஃபரன்ஸுக்கு '=' போட்டால் அது வேறு ஆப்ஜெக்ட்டைக் காட்டுமா?

காட்டாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வாடிக்கையாளர்& நடப்பு = பட்டியல்[0];
நடப்பு = பட்டியல்[1];

இரண்டு வரியிலும் '=' இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. முதல் வரியில் 'நடப்பு' என்ற பெயர் பட்டியலின் முதல் ஆளோடு கட்டப்படுகிறது. அங்கே நீங்கள் எழுதிய '=' ஆபரேட்டர் கூப்பிடப்படவே இல்லை. இரண்டாம் வரியில் அது கூப்பிடப்படுகிறது. யார்மீது? பட்டியலின் முதல் ஆள்மீது. அதாவது இரண்டாம் வாடிக்கையாளரின் விவரங்கள் முதல் வாடிக்கையாளரின் மேல் அப்படியே எழுதப்படுகின்றன. கட்டிய ரெஃபரன்ஸை அவிழ்த்து வேறிடத்தில் கட்ட சி++ மொழியில் வழியே கிடையாது.

ஒரு பில்லிங் மென்பொருளில் இதை நேரில் பார்த்தேன். மாதக் கடைசியில் எல்லா வாடிக்கையாளரின் பாக்கியையும் அச்சடிக்கும் லூப் அது. எழுதியவர் ஜாவாவிலிருந்து வந்த நல்ல புரோகிராமர். லூப்புக்கு வெளியே 'நடப்பு' என்று ஒரு ரெஃபரன்ஸ் வைத்து, உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு அடுத்த ஆளை '=' போட்டுக் கொடுத்திருந்தார். அச்சில் வந்த அறிக்கை முழுக்கச் சரியாக இருந்தது! ஒவ்வொரு சுற்றிலும் 'நடப்பு' காட்டுவது அந்தந்த வாடிக்கையாளரின் விவரம்தானே, பெயர் சரி, பாக்கி சரி, மொத்தமும் சரி. கெட்டுப்போனது பட்டியலின் முதல் இடம் மட்டும். லூப் முடிந்ததும் அங்கே கடைசி வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். பிறகு பட்டியலைக் கோப்பில் சேமித்தார்கள். அடுத்த மாதம் முதல் வாடிக்கையாளரைக் காணோம், கடைசி வாடிக்கையாளர் இரண்டு தடவை இருந்தார். யாரோ தவறுதலாக அழித்துவிட்டார்கள் என்றே எல்லோரும் முதலில் நினைத்தார்கள். அறிக்கை சரியாக வந்ததால் அந்த லூப்பை யாரும் சந்தேகிக்கவில்லை.

தீர்வு எளிது. அடுத்தடுத்த ஆளைக் காட்ட வேண்டும் என்றால் பாயின்டரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லூப்புக்கு உள்ளேயே ரெஃபரன்ஸைப் புதிதாக அறிவியுங்கள். உள்ளே அறிவித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாகக் கட்டப்படும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? வேண்டுமென்றே வைத்ததா?

வேண்டுமென்றே வைத்ததுதான். சி++ மொழிக்குள் ரெஃபரன்ஸ் வந்ததற்கு முக்கியக் காரணமே ஆபரேட்டர் ஓவர்லோடிங். பெரிய ஆப்ஜெக்ட்டுகளை நகலெடுக்காமல் ஆபரேட்டருக்குக் கொடுக்க வேண்டும், அதே சமயம் எழுதும்போது 'அ + ஆ' என்று இயல்பாக எழுத வேண்டும்; பாயின்டர் வைத்தால் '&அ + &ஆ' என்று எழுத வேண்டிவரும். மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் அதற்கு முன் அல்கால் 68 மொழியின் ரெஃபரன்ஸில் கையைச் சுட்டுக்கொண்டவர். அங்கே ஒரு ரெஃபரன்ஸுக்கு ':=' (அந்த மொழியின் அசைன்மென்ட் குறி) போட்டால், வலப்பக்கம் இருப்பதன் டைப்பைப் பொறுத்து, சில நேரம் உள்ளிருக்கும் மதிப்பு மாறும், சில நேரம் ரெஃபரன்ஸே வேறிடம் போய்விடும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் சி++ மொழியில் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான் என்று முடிவு செய்தார்.

நல்ல முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஆபரேட்டரை நாமே எழுதும்போது அந்தப் பழைய குழப்பம் நம் கையாலேயே திரும்பி வந்துவிடுகிறது. 'இந்த '=' மதிப்பை மாற்றுகிறதா, அல்லது எதைக் காட்டுகிறது என்பதை மாற்றுகிறதா?' என்ற கேள்விதான் கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் '=' குறியை ஓவர்லோட் செய்ய விடுவதில்லையே, ஏன்?

அங்கே கிளாஸ் மாறி என்பது ஆப்ஜெக்ட் அல்ல, ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருக்கும் ஒரு கைப்பிடி. '=' என்றால் கைப்பிடியை வேறொன்றில் மாட்டுவது, அவ்வளவுதான். அதை ஒவ்வொரு கிளாஸும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டால் எந்த வரி என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சி ஷார்ப்பில் '+', '==' எல்லாம் மாற்றலாம், '=' மட்டும் கூடாது. டி மொழியில் இந்தக் கோடு இன்னும் தெளிவாக இருக்கிறது: ஸ்ட்ரக்ட் என்றால் '=' குறியை ஓவர்லோட் செய்யலாம், ஏனென்றால் அது மதிப்பு; கிளாஸ் என்றால், அதே கிளாஸின் ரெஃபரன்ஸை வாங்கும் '=' குறியை எழுதவே கம்பைலர் விடாது. டெல்ஃபியிலும் கிளாஸ் மாறி ரெஃபரன்ஸ்தான்; ':=' கைப்பிடியை மட்டும் நகலெடுக்கும். உள்ளடக்கத்தை நகலெடுக்க 'அசைன்' என்று தனியாக ஒரு மெத்தட் வைத்திருக்கிறார்கள். பெயரைப் படித்தாலே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

என் கிளாஸில் ஒரு ரெஃபரன்ஸ் மெம்பர் இருக்கிறது. '=' போட்டால் கம்பைலர் மறுக்கிறது. என்ன செய்ய?

கம்பைலர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. ரெஃபரன்ஸ் மெம்பரை வேறிடத்தில் கட்ட முடியாது. அதன் வழியாக மதிப்பை மாற்றினால் வெளியே இருக்கும் யாரோ ஒருவரின் ஆப்ஜெக்ட் மாறிப்போகும். இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று கம்பைலருக்குத் தெரியாது. அதனால் தானாக எழுதித் தரும் அசைன்மென்ட் ஆபரேட்டரை அது நீக்கிவிடுகிறது. கான்ஸ்ட் மெம்பர் இருந்தாலும் இதே கதைதான். வெக்டரில் அந்த ஆப்ஜெக்ட்டைப் போட்டு நடுவிலிருந்து ஒன்றை அழிக்கப் போனால், பக்கம் பக்கமாக எரர் வரும். அதன் வேர் இதுவாகத்தான் இருக்கும்.

வழி: ரெஃபரன்ஸ் மெம்பருக்குப் பதில் பாயின்டர் மெம்பர் வையுங்கள். அல்லது, இந்த ஆப்ஜெக்ட் நகலெடுக்கப்படவே கூடாது என்றால், அப்படியே விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆபரேட்டருக்குள் தன் டெஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட்டைக் கலைக்கும் ஃபங்ஷன்) தானே கூப்பிட்டு, அதே இடத்தில் பிளேஸ்மென்ட் நியூ போட்டுப் புதிதாகக் கட்டும் 'தந்திரம்' ஒன்று உலவுகிறது. கட்டும்போது எக்ஸெப்ஷன் வந்தால், அந்த இடத்தில் ஏற்கெனவே செத்துப்போன ஆப்ஜெக்ட் கிடக்கும். ஸ்கோப் முடியும்போது அதன் டெஸ்ட்ரக்டர் இரண்டாவது தடவை ஓடும். இந்த கிளாஸை பேஸாக வைத்து யாராவது வேறொரு கிளாஸை டெரைவ் செய்திருந்தால் இன்னும் மோசம்: விர்ச்சுவல் டெஸ்ட்ரக்டர் டெரைவ்டு ஆப்ஜெக்ட் முழுவதையும் கலைத்துப்போடும், திரும்பக் கட்டப்படுவது பேஸ் மட்டும். சி++20 வருவதற்கு முன், கான்ஸ்ட் அல்லது ரெஃபரன்ஸ் மெம்பர் உள்ள ஆப்ஜெக்ட்டை இப்படி மாற்றிவிட்டுப் பழைய பெயரிலேயே தொடர்ந்து பயன்படுத்துவது விதிப்படியே தவறு. அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். மற்ற ஆபத்துகள் அப்படியே இருக்கின்றன.

பேஸ் கிளாஸ் ரெஃபரன்ஸ் வழியாக அசைன் செய்தால் என்ன ஆகும்?

பாதி ஆப்ஜெக்ட் மாறும், பாதி மாறாது. ஸ்லைசிங் என்பார்கள். 'கணக்கு' என்ற பேஸ் கிளாஸிலிருந்து சேமிப்புக்கணக்கும் நடப்புக்கணக்கும் டெரைவ் ஆகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்புக்கணக்கு முதல், இரண்டாம்;
கணக்கு& க = முதல்;
க = இரண்டாம்;

'க' கணக்கு& என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் கம்பைலர் தேர்ந்தெடுப்பது கணக்கு கிளாஸின் ஆபரேட்டரை. கணக்கு எண்ணும் இருப்பும் பேஸில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டாவதிலிருந்து வந்துவிடும். வட்டி விகிதமும் வாரிசுதாரர் பெயரும் டெரைவ்டில் இருக்கின்றன. அவை முதலாவதில் இருந்தபடியே இருக்கும். இப்போது 'முதல்' என்ற ஆப்ஜெக்ட்டைத் திறந்து பார்த்தால் ஒருவருடைய கணக்கு எண், வேறொருவருடைய வாரிசு. எரர் இல்லை, வழக்கமான வார்னிங்கும் இல்லை. வலப்பக்கம் நடப்புக்கணக்கு இருந்தாலும்கூட இது கம்பைல் ஆகும்.

மதிப்பை வாங்கும் ஃபங்ஷனில் நடக்கும் ஸ்லைசிங்கைப் பற்றிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அங்கே மூல ஆப்ஜெக்ட் பிழைத்துக்கொள்ளும், வெட்டுப்படுவது நகல். இங்கே வெட்டி ஒட்டப்படுவது உங்கள் உண்மையான ஆப்ஜெக்ட். அதனால்தான் இதை அதிகம் அஞ்ச வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் ஆபரேட்டரை விர்ச்சுவல் ஆக்கிவிடலாமே?

ஆக்கலாம். விர்ச்சுவல் என்றால், ரெஃபரன்ஸின் டைப்பைப் பார்க்காமல், உண்மையில் இருக்கும் ஆப்ஜெக்ட்டின் ஃபங்ஷன் ஓடும். ஆக்கியபின் வரும் வேலையைப் பாருங்கள். ஓவர்ரைடு ஆக வேண்டுமென்றால் டெரைவ்டு கிளாஸின் ஆபரேட்டரும் 'கணக்கு கான்ஸ்ட்&' என்ற பேஸ் ரெஃபரன்ஸைத்தான் வாங்க வேண்டும். உள்ளே போய் டைனமிக் காஸ்ட் செய்து, வந்தது சேமிப்புக்கணக்குதானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால்? சேமிப்புக்கணக்கை நடப்புக்கணக்காக மாற்ற முடியாது. எக்ஸெப்ஷன் எறிவதைத் தவிர வழியில்லை. கம்பைல் நேரத்தில் பிடித்திருக்க வேண்டிய தவறு, ஓடும்போது, வாடிக்கையாளர் முன்னால் வெடிக்கிறது.

அதோடு முடியவில்லை. நீங்கள் பேஸ் ரெஃபரன்ஸ் வாங்கும் ஆபரேட்டரை எழுதினாலும், 'சேமிப்புக்கணக்கு கான்ஸ்ட்&' வாங்கும் வழக்கமான ஆபரேட்டரைக் கம்பைலர் தானாக ஒன்று எழுதிக்கொள்கிறது. இரண்டு சேமிப்புக்கணக்குகளுக்கு இடையே நேரடியாக '=' போட்டால் கம்பைலர் எழுதியதுதான் ஓடும், உங்களுடையது ஓடாது. பேஸ் ரெஃபரன்ஸ் வழியாகப் போட்டால் உங்களுடையது ஓடும். ஒரே ஆப்ஜெக்ட், ஒரே குறி, இரண்டு பாதை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். விர்ச்சுவல் ஃபங்ஷன் உள்ள, ரெஃபரன்ஸ் வழியாகவே கையாளப்படும் கிளாஸுக்கு '=' தேவையே இல்லை. அந்த ஆபரேட்டரை '= டெலீட்' போட்டு மூடுங்கள். நகல் வேண்டுமென்றால் 'குளோன்' என்று ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷன் எழுதுங்கள். அது புது ஆப்ஜெக்ட்டை உருவாக்கித் தரும், இருப்பதன்மேல் எழுதாது. சி++ கோர் கைட்லைன்ஸும் பாலிமார்ஃபிக் கிளாஸில் பொது நகலெடுப்பை அடைக்கச் சொல்கிறது. க்யூடி நூலகத்தில் க்யூஆப்ஜெக்ட் கிளாஸை நகலெடுக்கவோ அசைன் செய்யவோ முடியாது. ஒரு பட்டனுக்குப் பெயர் இருக்கிறது, பெற்றோர் விண்டோ இருக்கிறது, சிக்னல் இணைப்புகள் இருக்கின்றன. 'பட்டன்1 = பட்டன்2' என்று எழுதினால் அந்த இணைப்புகளும் இரண்டாகுமா? யோசித்தாலே அபத்தமாக இருக்கிறது அல்லவா? அதனால் வாசலிலேயே அடைத்துவிட்டார்கள்.

'அ = அ' என்று யார் எழுதப்போகிறார்கள்? சுய அசைன்மென்ட்டை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்?

யாரும் அப்படி நேராக எழுத மாட்டார்கள். பட்டியல்[i] = பட்டியல்[j] என்று எழுதுவார்கள், ஒருநாள் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும். அல்லது ஒரு ஃபங்ஷன் இரண்டு ரெஃபரன்ஸ் வாங்கும், கூப்பிட்டவர் இரண்டுக்கும் ஒரே ஆப்ஜெக்ட்டைக் கொடுத்திருப்பார். ரெஃபரன்ஸ் இருக்கும் ஊரில் ஒரே ஆளுக்கு எத்தனை பெயரும் இருக்கலாம்.

வழக்கமான தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆபரேட்டர் முதலில் தன் பழைய நினைவகத்தை டெலீட் செய்கிறது, பிறகு வலப்பக்கத்திலிருந்து நகலெடுக்கப் போகிறது. இரண்டும் ஒரே ஆள் என்றால் நகலெடுக்க எதுவும் மிச்சமில்லை. அதற்கு மருந்தாக எல்லாப் பாடத்திலும் 'திஸ் == &வலப்பக்கம் என்றால் திரும்பிவிடு' என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள்.

அந்த வரி போதாது. இதைப் பாருங்கள். 'முனை' என்ற கிளாஸில் ஒரு மதிப்பும் இடது, வலது என்று இரண்டு குழந்தை முனைகளுக்குப் பாயின்டரும் இருக்கின்றன. மரத்தை அதன் இடது கிளையாகச் சுருக்க வேண்டும்.

மரம் = *மரம்.இடது;

திஸ் என்பது மரத்தின் முகவரி, வலப்பக்கம் இருப்பது இடது குழந்தையின் முகவரி. இரண்டும் வேறு. சோதனை 'சரி, போ' என்று விட்டுவிடும். அடுத்த வரி என்ன? தன் இடது குழந்தையை டெலீட் செய். அதுதான் வலப்பக்கம்! நகலெடுக்க வேண்டியதை நாமே அழித்துவிட்டு, அழிந்த இடத்திலிருந்து படிக்கிறோம். சில நாள் சரியாக ஓடும், சில நாள் விழும், விழும் இடமும் இங்கே இருக்காது.

சரியான வரிசை வேறு: முதலில் வலப்பக்கத்தின் முழு நகலை ஒரு தற்காலிக ஆப்ஜெக்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதன் உள்ளடக்கத்தையும் தன்னுடையதையும் ஸ்வாப் செய்யுங்கள். பழையது தற்காலிக ஆப்ஜெக்ட்டோடு போய்விடும். காப்பி அண்ட் ஸ்வாப் என்று பெயர். சுய அசைன்மென்ட்டுக்கென்று தனிச் சோதனை தேவையில்லை, கிளைச் சிக்கலும் தீர்ந்தது, நகலெடுக்கும்போது நினைவகம் கிடைக்காமல் எக்ஸெப்ஷன் வந்தாலும் பழைய ஆப்ஜெக்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே குறை, இருக்கும் நினைவகத்தை மறுபடி பயன்படுத்தும் வாய்ப்பு போகிறது. வேகம் அவ்வளவு முக்கியமான இடத்தில் அளந்து பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பாயின்டருக்குப் பதில் யூனிக்_பிடிஆர் (தான் காட்டும் ஆப்ஜெக்ட்டைத் தானே அழித்துவிடும் ஸ்மார்ட் பாயின்டர்) வைத்து, எல்லாவற்றையும் கம்பைலரிடமே விட்டாலும் இந்தக் கிளைச் சிக்கல் மூவ் அசைன்மென்ட்டில் (நகலெடுக்காமல் உள்ளடக்கத்தைப் பறித்துக்கொள்ளும் '=') தலைகாட்டும். இடது கிளையை மூவ் செய்து மரத்துக்குக் கொடுத்தால், மெம்பர் மெம்பராக மாற்றும்போது இடது பாயின்டர் மாறிய கணமே பழைய இடது முனை அழிகிறது. அடுத்து அந்த அழிந்த முனையிலிருந்துதான் வலது பாயின்டரை எடுக்க வேண்டும். அதனால் முதலில் ஒரு தனி மாறிக்கு மூவ் செய்துவிட்டு, அங்கிருந்து மரத்துக்கு மூவ் செய்யுங்கள்.

ஆபரேட்டர் எதைத் திருப்பித் தர வேண்டும்?

*திஸ், அதுவும் ரெஃபரன்ஸாக, கான்ஸ்ட் இல்லாமல். மதிப்பாகத் திருப்பித் தந்தால் ஒவ்வொரு '=' குறிக்கும் ஒரு வீண் நகல் உருவாகும்; '(அ = ஆ) = இ' என்று எழுதினால் இ போய்ச் சேர்வது அந்த நகலுக்கு, அ அப்படியே இருக்கும்.

டெம்ப்ளேட்டாக ஒரு '=' எழுதினேன். என் சொந்த டைப்புக்கு அது கூப்பிடப்படவே இல்லையே?

டெம்ப்ளேட்டை (பல டைப்புக்கும் பொருந்தும்படி எழுதிய ஃபங்ஷன்) காப்பி அசைன்மென்ட்டாக மொழி ஒருபோதும் எடுத்துக்கொள்ளாது. அதே டைப் வலப்பக்கம் வந்தால் கம்பைலர் தானாக எழுதிய ஆபரேட்டர்தான் ஓடும். ஸ்மார்ட் பாயின்டர் போன்ற ஒன்றை எழுதியிருந்தீர்கள் என்றால், வெறும் பாயின்டர் நகலாகி, இரண்டு ஆப்ஜெக்ட்டும் ஒரே நினைவகத்தை டெலீட் செய்யும். டெம்ப்ளேட்டோடு சாதாரண ஆபரேட்டரையும் தனியாக எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. டெம்ப்ளேட் 'டி&&' என்று வாங்கினால், கான்ஸ்ட் இல்லாத உங்கள் சொந்த ஆப்ஜெக்ட்டையும் அது முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். அதனால் '&&' உள்ள டெம்ப்ளேட் ஆபரேட்டர் எழுதினால், சொந்த டைப் உள்ளே வராதபடி வெளிப்படையாகத் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: காப்பி அண்ட் ஸ்வாப் முறையில் மதிப்பாக வாங்கும் ஆபரேட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதோடு '&&' வாங்கும் மூவ் ஆபரேட்டரைச் சேர்க்காதீர்கள். தற்காலிக ஆப்ஜெக்ட் வந்தால் இரண்டும் சமமாகப் பொருந்தி, எதை எடுப்பது என்று தெரியாமல் கம்பைலர் நின்றுவிடும். மதிப்பாக வாங்குவதே மூவையும் கவனித்துக்கொள்ளும்.

வலப்பக்கத்தை ஏன் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாகவே வாங்கச் சொல்கிறார்கள்?

ஆட்டோ_பிடிஆர் கதைதான் பதில். 1998ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த இந்த ஸ்மார்ட் பாயின்டரின் '=' வலப்பக்கத்தை கான்ஸ்ட் இல்லாத ரெஃபரன்ஸாக வாங்கியது. காரணம், உரிமையை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு வலப்பக்கத்தைக் காலி செய்ய வேண்டும். பார்வைக்கு நகலெடுப்பது போல இருக்கும், ஆனால் எதிலிருந்து எடுத்தோமோ அது வெறுமையாகிவிடும். ஆட்டோ_பிடிஆர் நிரம்பிய ஒரு வரிசையை சார்ட் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சார்ட் அல்காரிதம் நடு உறுப்பை ஒரு தனி மாறியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடலாம்; அப்படி எடுத்த கணமே வரிசையில் அந்த இடம் காலி. அதனாலேயே கன்டெய்னர்களில் அதை வைக்கக் கூடாது என்று விதி போட வேண்டி வந்தது. சி++11 யூனிக்_பிடிஆரைக் கொண்டுவந்து இதைக் கைவிடச் சொன்னது, சி++17 நூலகத்திலிருந்தே எடுத்துவிட்டது. பறிப்பது என்றால் மூவ் என்று வெளிப்படையாக எழுதிப் பறிக்க வேண்டும் என்பது இப்போதைய முறை.

ரெஃபரன்ஸை மாற்றிக் கட்ட முடியாது என்றீர்கள். ரெஃபரன்ஸ்_ராப்பர் மாற்றிக் கட்டுகிறதே?

ஆமாம், அது உள்ளே பாயின்டரை வைத்திருக்கும் ஒரு கிளாஸ். அதற்கு '=' போட்டால் அது வேறு ஆப்ஜெக்ட்டைக் காட்டத் தொடங்கும். ஆனால் அதே சி++ நூலகத்தில் 'டை' என்ற ஃபங்ஷன் இருக்கிறது:

டை(பெயர், வயது) = விவரம்_தா();

இங்கே 'டை' தருவது ரெஃபரன்ஸ்களின் டியூப்பிள், அதாவது பல ரெஃபரன்ஸ்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு. அதற்கு '=' போட்டால் ரெஃபரன்ஸ் வழியாக ஊடுருவி, பெயர், வயது என்ற வெளி மாறிகளின் மதிப்பு மாறுகிறது. இரண்டும் சரிதான், இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் ரெஃபரன்ஸை உள்ளே வைத்திருக்கும் இரண்டு கிளாஸ்களில் ஒரே குறிக்கு நேரெதிர் பொருள்.

இந்தக் கேள்வியில்தான் ரெஃபரன்ஸ் வைக்கும் ஆப்ஷனல் (ஒன்றை வைத்திருக்கவும் காலியாக இருக்கவும் முடிந்த கிளாஸ்) நெடுநாள் மாட்டிக்கொண்டிருந்தது. 2017இல் நூலகத்துக்குள் வந்தபோது ஆப்ஷனல் ரெஃபரன்ஸை ஏற்கவில்லை. ஏற்றால் '=' என்ன செய்ய வேண்டும்? காலியாக இருந்தால் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஏற்கெனவே ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தால்? ஊடுருவி மதிப்பை மாற்றலாம் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள், சாதாரண ரெஃபரன்ஸ் அப்படித்தானே செய்கிறது என்பது அவர்கள் காரணம். அப்படிச் செய்தால், ஒரே வரி, ஓடும் நேரத்தில் அந்த ஆப்ஷனல் காலியா இல்லையா என்பதைப் பொறுத்து, சில நேரம் கட்டும், சில நேரம் யாருடைய மதிப்பையோ மாற்றும். அல்கால் 68இல் டைப்பைப் பார்த்தாவது சொல்லலாம். இங்கே அதுவும் முடியாது. பூஸ்ட் நூலகத்தின் ஆப்ஷனல் எப்போதும் மாற்றிக் கட்டும் வழியைத்தான் எடுத்தது. சி++26க்குச் சேர்த்திருக்கும் ரெஃபரன்ஸ் ஆப்ஷனலும் அதையேதான் செய்கிறது. நீங்களே ஒரு ராப்பர் கிளாஸ் எழுதினாலும் இதைத்தான் சொல்வேன்: '=' எந்த நிலையிலும் ஒரே வேலையைச் செய்யட்டும், மற்ற வேலைக்குப் பெயருள்ள ஒரு ஃபங்ஷன் வையுங்கள்.

வெக்டரை சார்ட் செய்தபின் என் ரெஃபரன்ஸ் வேறு ஆளைக் காட்டுகிறது. இப்போதுதானே ரெஃபரன்ஸ் மாறாது என்றீர்கள்?

ரெஃபரன்ஸ் மாறவில்லை, ஆள் மாறிவிட்டார்.

மாணவர்& கவிதா = பட்டியல்[0];

இதற்குப்பின் மதிப்பெண் வாரியாக சார்ட் செய்தால், அல்காரிதம் ஆப்ஜெக்ட்டுகளை இடம்பெயர்ப்பதில்லை; உங்கள் '=' குறியைத்தான், மூவ் வடிவத்தில், திரும்பத் திரும்பக் கூப்பிட்டு உள்ளடக்கங்களை மாற்றிப் போடுகிறது. 'கவிதா' இன்னும் பூஜ்ஜியமாவது இடத்தைத்தான் காட்டுகிறது. அங்கே இப்போது இருப்பது அதிக மதிப்பெண் வாங்கிய வேறொருவர். நடுவிலிருந்து ஒன்றை அழித்தாலும் இதே போலத்தான், அடுத்தடுத்தவர்கள் ஓரிடம் முன்னால் அசைன் செய்யப்படுகிறார்கள். ஆளைத் தொடர்ந்து பிடித்திருக்க வேண்டுமென்றால் யூனிக்_பிடிஆர்களின் வெக்டராக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

தற்காலிக ஆப்ஜெக்ட்டுக்கு அசைன் செய்தாலும் கம்பைல் ஆகிறதே?

கிளாஸ் டைப் என்றால் ஆகும். 'பெயர்_தா() = புதுப்பெயர்;' என்று எழுதினால், அந்த ஃபங்ஷன் மதிப்பாகத் திருப்பித் தருகிறது என்றால், மாற்றம் ஒரு தற்காலிக ஸ்ட்ரிங்கில் நடந்து அந்த வரியோடு மறைந்துவிடும். உங்கள் கிளாஸில் இதைத் தடுக்க, ஆபரேட்டரின் அறிவிப்பில் அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரே ஒரு '&' சேர்த்தால் போதும். சி++11 முதல் இந்த வசதி உண்டு.

எப்போதுதான் நானே எழுத வேண்டும்?

பெரும்பாலும் வேண்டாம். மெம்பர்களாக வெக்டர், ஸ்ட்ரிங், யூனிக்_பிடிஆர் போன்றவற்றை வைத்தால் அவரவர் '=' அவரவரைப் பார்த்துக்கொள்ளும். கையால் எழுதிய ஆபரேட்டருக்கு வயதாக வயதாக வரும் நோய் ஒன்று இருக்கிறது: ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கிளாஸில் புது மெம்பர் ஒன்றைச் சேர்ப்பார், ஆபரேட்டரில் சேர்க்க மறந்துவிடுவார். கம்பைலர் எதுவும் சொல்லாது. டெரைவ்டு கிளாஸில் எழுதும்போது பேஸின் ஆபரேட்டரைக் கூப்பிட மறப்பதும் அதே வகை.

ஒரு கோப்பு, ஒரு சாக்கெட், நாமே பிடித்த நினைவகம் என்று ஒரு வளத்தை நேரடியாகப் பிடித்திருக்கும் சின்ன கிளாஸுக்கு மட்டும் எழுதுங்கள். அப்போதும் காப்பி கன்ஸ்ட்ரக்டரும் டெஸ்ட்ரக்டரும் சேர்ந்தே வர வேண்டும், தேவையிருந்தால் மூவ் கன்ஸ்ட்ரக்டர், மூவ் அசைன்மென்ட் இரண்டும்.

எழுதிவிட்டேன். எதைச் சோதிப்பது?

ஐந்து வரி டெஸ்ட் போதும். ஒரே ஆப்ஜெக்ட்டுக்கு இரண்டு ரெஃபரன்ஸ் எடுத்து ஒன்றுக்கொன்று அசைன் செய்யுங்கள். தன் உள்ளே இருக்கும் ஒரு பகுதியைத் தனக்கே அசைன் செய்ய முடிந்த கிளாஸ் என்றால் அதையும் செய்யுங்கள். 'அ = ஆ = இ' என்று ஒரு சங்கிலி. பிறகு ஒவ்வொரு மெம்பரும் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அட்ரஸ் சானிடைசரை (நினைவகத் தவறுகளை ஓடும்போதே பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டுக் கம்பைல் செய்து ஓட்டினால், மேலே சொன்ன மரத்தின் கிளைத் தவறை அது அந்த வரியிலேயே பிடித்து, நினைவகம் எந்த வரியில் விடுவிக்கப்பட்டது, எந்த வரியில் மறுபடி படிக்கப்பட்டது என்று இரண்டையும் காட்டும். கிளாங்-டைடி என்ற கோடு சோதிக்கும் கருவியில் சுய அசைன்மென்ட்டைக் கவனிக்காத ஆபரேட்டரைச் சுட்டும் சோதனை ஒன்றும், ஸ்லைசிங்கைச் சுட்டும் சோதனை ஒன்றும் இருக்கின்றன; இரண்டையும் பில்டில் சேர்த்துவிடுங்கள். 'நடப்பு = பட்டியல்[1]' என்ற வரியை மட்டும் எந்தக் கருவியும் தவறு என்று சொல்லாது, ஏனென்றால் மொழியின் கணக்கில் அது முழுக்கச் சரியான வரி. அதை ரிவ்யூவில் ஆள்தான் பார்க்க வேண்டும்: '&' போட்டு அறிவித்த பெயர், பிறகு எங்காவது '=' குறிக்கு இடப்பக்கம் தனியாக வந்தால் அங்கே நிறுத்தி, எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.